கணக்கர் கண்ட எளிமை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



எளிய வாழ்வைப் பாடாத கவிஞர் தமிழில் அரியர். ஓலைக் குடிசை, ஒரு கலயம் கூழ், திண்ணையில் தவழும் காற்று, கவலையற்ற உறக்கம் ஆகியவை கவியரங்குகளில் கைதட்டல் பெறத் தவறியதில்லை. பாடி முடித்தவர் மின்விசிறியின் கீழ்ப் போய் அமர்வதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடிசைக்குள் இருப்பவர் உண்மையிலேயே கவலையற்று உறங்குகிறாரா என்று எட்டிப் பார்த்த கவிஞர் எத்தனை பேர் என்பது கேட்கத்தக்க கேள்வியே. வறுமையை எளிமை என்று எண்ணி வாழ்த்துவது ஒரு பிழை. துறவை எளிமை என்று எண்ணி, கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்வது இன்னொரு பிழை. முதற்பிழை பிறருடைய பசியை அழகாக்கிவிடுகிறது. இரண்டாம் பிழை, அது பட்டினத்தடிகளுக்கே உரியது, இல்லறத்தானுக்கு அதில் வேலையில்லை என்று தப்பிக்க வழி செய்கிறது.

இவ்விரண்டிலும் சிக்காமல், எளிமையைக் கணக்குப் போட்டுக் கண்டறிந்த ஒருவரைப் பற்றியது இவ்வுரை. அவர் கவிஞர் அல்லர். தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். தஞ்சையில் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த தமிழர். ஜே. சி. குமரப்பா என்று நாடு அவரை அறிந்தது; தமிழ் இலக்கிய மேடைகள் மட்டும் அவ்வளவாக அறியவில்லை.

கணக்கும் எளிமையும் சேர்ந்து நிற்பது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 189ஆம் பாட்டை இந்த அவையில் மனப்பாடமாக அறியாதவர் இரார். அதன் அடிகளை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உலகாளும் வேந்தனையும் உறங்காமல் விலங்கு தேடும் வேட்டுவனையும் அருகருகே நிறுத்தி, இருவர் உணவையும் முகத்தலளவையால் அளந்து, இருவர் உடையையும் எண்ணிக் காட்டியது அப்பாட்டு. அங்கே உருக்கமில்லை, அளவுதான் இருக்கிறது. அளந்து முடித்த பிறகுதான் செல்வத்தின் பயன் எது என்ற பேச்சே வருகிறது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் பழஞ்சொல்தான். ஆயினும் இந்தப் பாட்டைப் படிக்கும்போது அச்சொல்லின் இன்றைய ஒலியும் சற்றே எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

மேலைநாட்டில் இவ்வழியில் கணக்கெழுதியவர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவில் கான்கார்டு என்னும் ஊரை அடுத்த வால்டன் குளக்கரையில் தாமே ஒரு சிறு வீடு கட்டி, 1845 சூலை 4 அன்று குடியேறினார். பலகைக்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு என்று எழுதி, வீட்டின் மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரைச் சென்ட்டையும் விடாமல் பதிந்து வைத்தார். மேசை மேல் அழகுக்காக வைத்திருந்த மூன்று சுண்ணாம்புக்கல் துண்டுகளை நாள்தோறும் தூசி துடைக்க நேர்வதைக் கண்டு சன்னல் வழியே எறிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு பொருளின் விலையை அதற்காகக் கொடுக்க நேரும் வாழ்நாளால் அளக்க வேண்டும் என்பது அவர் கண்ட அளவை. இரண்டாண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்த பின் அவர் அவ்விடத்தை விட்டு வெளியேறினார். 1854இல் வெளிவந்த அவருடைய 'வால்டன்' உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆயினும் அவர் எழுதியது ஒற்றை ஆளின் கணக்கு. மனைவியில்லை, மக்களில்லை, நிலமும் நண்பர் எமர்சனுடையது. ஓர் ஊரே அப்படி வாழ முடியுமா என்ற வினாவுக்கு அதில் விடை தேடுவது பொருந்தாது.

குமரப்பா போட்டது ஊரின் கணக்கு.

இளமையில் அவர் இங்கிலாந்து சென்று கணக்கியல் பயின்று திரும்பியவர். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். மேனாட்டு உடை, மேனாட்டுப் பழக்கம், ஆங்கில ஆட்சியின் மேல் குறைவற்ற மதிப்பு, எல்லாம் இருந்தன. பின்னர் அமெரிக்கா சென்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே ஒரு மாதா கோயிலில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் பேசிய பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு கூறினார். தணிக்கையாளர் ஒருவரின் கையில் ஓர் அரசாங்கத்தின் வரவுசெலவுப் புத்தகம் கிடைத்ததைப் போல் ஆயிற்று. படை, கடன், நிருவாகம் ஆகியவற்றுக்குப் போகும் பணத்தையும், வரி கொடுத்த உழவனுக்குத் திரும்பி வரும் பணத்தையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தபோது அவர் மனம் மாறியது. எந்த மகானின் உபதேசமும் அதுவரை அவர் காதில் விழவில்லை. அவரை மாற்றியவை எண்களே.

அந்தக் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் அவர் சபர்மதிக்குச் சென்றார். உயர்ந்த உடையும் கைத்தடியுமாக, குறித்த நேரத்துக்கு முன்பாகவே போய்விட்டவர், மரத்தடியில் ஒரு முதியவர் தரையில் அமர்ந்து இராட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் வந்ததும் முதியவர் இடுப்புக் கடிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, குமரப்பாதானே என்று கேட்டார். அப்போதுதான் அவர் யாரென்று வந்தவருக்கு விளங்கிற்று. சாணம் மெழுகிய தரையில் அந்த உடையோடு அமர்வதற்குள் அவர் பட்ட பாட்டை அவரே பின்னாளில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கார்னீலியஸ் என்னும் குடும்பப் பெயர் போய்ப் பாட்டனார் பெயராகிய குமரப்பா நிலைத்ததும் அந்த ஆண்டில்தான்.

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதல் வேலை கவனிக்கத்தக்கது. ஆசிரமத்தில் தங்கித் தியானம் செய்யச் சொல்லவில்லை. குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டத்துக்குப் போய், குசராத் வித்யாபீட மாணவர்களுடன் ஊர் ஊராக, வீடு வீடாகக் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்டு எழுதிய அந்த ஏடுகளில்தான் குமரப்பா வறுமையை நேருக்கு நேர் கண்டார். அதன் பின் அவர் எழுதிய எதிலும் வறுமைக்கு வாழ்த்துப்பா இல்லை. உழவனின் குடிசை எளிமையாக இருப்பது அவன் தெரிந்தெடுத்ததால் அன்று, அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதால் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தெடுத்த எளிமை, திணிக்கப்பட்ட இல்லாமை என்ற இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்தும் கவிதைகளில் அவை கலந்து கிடப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாது.

1934 சனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவின் பொறுப்பில் வந்தது. தொண்டர்களின் நாட்படிக்குக் கண்டிப்பான ஓர் அளவு வகுத்தார். அந்நாளில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னாவுக்கு வந்தார். அக்குழுவின் சாப்பாட்டுச் செலவையும் வண்டி எண்ணெய்ச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று குமரப்பா மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியடிகள் காரணம் கேட்டார். வீடிழந்தவர்களுக்கென்று மக்கள் கொடுத்த பணம் அது, வேறு எதற்கும் அதில் இடமில்லை என்பது விடை. காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். தலைவரைச் சங்கடப்படுத்தியதாகச் சுற்றியிருந்தவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். கணக்கருக்கு இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. மகன்லால் காந்தியின் நினைவால் மகன்வாடி எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் குமரப்பா அமைப்பாளராகப் பல்லாண்டு உழைத்தார். அங்கே நடந்தவற்றை வெறும் பட்டியலாகச் சொன்னால் சுவை இராது. ஒரு விளக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் விளக்கு ஊர்களில் பரவிவிட்ட காலம் அது. ஏழையின் வீட்டு மாடத்தில் எரியும் அச்சிறு சுடரைக் கண்டு குமரப்பா கேட்ட கேள்வி, இதற்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று என்பது. எண்ணெய் கடல் கடந்து வருகிறது. காசு கடல் கடந்து போகிறது. போகிற வழியில் ஊர்ச் செக்கு நின்றுவிடுகிறது. செக்கு நின்றதும் பிண்ணாக்கு இல்லாமல் மாடு மெலிகிறது. ஒரு சுடருக்குப் பின்னால் இத்தனை இருள். ஆகவே தாவர எண்ணெயில் புகையில்லாமல் எரியக்கூடிய ஒரு விளக்கை மகன்வாடியில் உருவாக்கி, மகன் தீபம் என்று பெயரிட்டார்கள். மின்சாரம் பரவிய பின் அவ்விளக்கு மறக்கப்பட்டது இயற்கையே. விளக்கைப் பார்த்துக் கேட்ட கேள்வி மறக்கப்பட்டதுதான் இழப்பு.

பனையும் அப்படியே. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைந்த நீரும் வேண்டும். அந்நிலத்தில் நெல் விளையும். பனையோ உழவுக்கு உதவாத மண்ணில் யாரும் நீர் ஊற்றாமல் நிற்கிறது. இனிப்பைப் பனையிலிருந்து பெற்றால் வயல் சோற்றுக்கு மிஞ்சும் என்று அவர் கணக்கிட்டார். 1937 அக்டோபரில் இராசாசியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள்ளிறக்கிப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் கருப்பட்டியே விடையாக முன்வைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆலையில் தீட்டிய அரிசியில் தவிடும் சத்தும் போய்விடுகின்றன, கைக்குத்தல் அரிசியே நல்லது என்று கிராமத் தொழிற்சங்கம் வற்புறுத்தியது. உணவைப் பொறுத்தவரை அது சரியான கூற்று. ஆனால் உலக்கை பிடித்தவர்கள் பெண்கள். விடியலுக்கு முன் எழுந்து குத்திப் புடைத்த கைகளைக் கேட்டிருந்தால் அந்தக் கணக்கில் இன்னும் ஒரு வரி சேர்ந்திருக்கும். ஒரு வீட்டில் எளிமை நிலவும்போது அந்த எளிமையின் சுமை யார் தோளில் என்று பார்க்க வேண்டும். உழைப்பை இலேசாக்கும் கருவிகளுக்குக் குமரப்பா எதிரி அல்லர். செக்கையும் உலையையும் சீர்திருத்துவதே மகன்வாடியின் வேலையாக இருந்தது. எனினும் எளிய வாழ்வைப் புகழ்ந்தவர்களில் பெரும்பாலோர் சமையலறையைத் தாண்டி வந்து நின்றுகொண்டே புகழ்ந்தனர் என்பதைக் கவிஞர்கள் மறக்கலாகாது. இந்த அவையில் இருக்கும் பெண்பாற் கவிஞர்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியும் அன்று.

குமரப்பாவின் தலைசிறந்த நூல் சிறையில் பிறந்தது. 1942 போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்டவர், சபல்பூர்ச் சிறையில் இருந்தபோது ஏசுநாதரின் போதனையைப் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் என்று தமிழில் சொல்லத்தக்க மற்றொரு நூலும் ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டுக்கும் காந்தியடிகள் 1945இல் முன்னுரை தந்தார். வெளியே இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் கொண்டு படித்தால்தான் அந்நூலின் ஆழம் தெரியும்.

இயற்கையின் செல்வத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். நிலக்கரியும் கல்நெய்யும் இரும்பும் போலத் தேங்கிக் கிடப்பவை ஒருவகை. எடுக்க எடுக்கக் குறையும். காடும் ஆறும் வயலும் போல ஓடிக்கொண்டிருப்பவை மற்றொருவகை. அளவறிந்து எடுத்தால் மீண்டும் ஊறும். தேங்கியதை நம்பி வாழ்வோர்க்குள் அது தீரத் தீரப் போட்டி வரும், போட்டி போராகும் என்பது அவர் முடிவு. வாழ்க்கை முறையையும் அவர் அவ்வாறே படிப்படியாக வைத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நடாத மாந்தோப்பில் புகுந்து பறிக்கும் குரங்கு, உழைத்துத் தேன் சேர்க்கும் தேனீ, தனக்கென்றில்லாமல் கூட்டுக்காகச் சேர்க்கும் அதே தேனீ, குஞ்சுக்கு ஊட்டிவிட்டுக் கைம்மாறு கருதாத தாய்ப்பறவை. உவமையால் பொருளியல் எழுதியவரைக் கவிஞரல்லர் என்று மேலே சொன்னது ஒருவேளை அவசரமோ என்று தோன்றுகிறது.

அமைதியைப் பற்றி அவர் சொன்னது இங்கேதான் வருகிறது. எளிமையால் மனத்துக்கு அமைதி கிடைக்கும் என்று பலரும் சொல்வர். குமரப்பா அதை உளவியல் மருந்தாகச் சொல்லவில்லை. பொருளை வாங்குகிறவன் அதன் வரலாற்றையும் சேர்த்தே வாங்குகிறான் என்றார். ஒரு குவளை கோக்கோவை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அந்தக் கொட்டை ஆப்பிரிக்கத் தோட்டத்தில் யாருடைய உழைப்பால் எந்த நிலையில் பறிக்கப்பட்டது, அது வரும் கடல்வழியை எந்த நாட்டின் பீரங்கி காக்கிறது, எந்தச் சுங்கச் சட்டம் அதை மலிவாக்கியது என்று பின்னோக்கிப் போனால், பருகுபவன் அறியாமலே ஒரு வன்முறைக்குப் பங்காளி ஆகிறான். அறிந்துகொள்ளக்கூடிய தொலைவில் விளைந்ததையும் செய்ததையும் வாங்கினால் அந்தப் பழி குறையும். அவர் கண்ட அமைதி, கணக்கில் பிறர் கண்ணீர் வரவு வைக்கப்படாத நிலை. குளக்கரையில் தனியே அமர்ந்து பெறுவதினின்று இது வேறு. கடைத்தெருவில் பெற வேண்டியது.

சொல்லைக் கையாளுவோர்க்கு அவர் விட்டுச் சென்ற குறிப்பு ஒன்று உண்டு. பொருளியலார் 'உயர்ந்த வாழ்க்கைத் தரம்', 'தாழ்ந்த வாழ்க்கைத் தரம்' என்று பேசுவதை அவர் ஏற்கவில்லை. பொருள் மிகுந்த வாழ்வுக்கு 'உயர்ந்தது' என்று பெயர் வைத்துவிட்டால், அதை வேண்டாம் என்பவன் சொல்லிலேயே தோற்றுவிடுகிறான். ஆகவே 'சிக்கலான வாழ்வு', 'எளிய வாழ்வு' என்று சொல்லுங்கள் என்றார். ஒரே சொல்மாற்றம்; வழக்கே புரண்டுவிடுகிறது. தலைவாழை இலையில் உண்டு, இலையை மாட்டுக்குப் போடும் பந்தி தாழ்ந்த தரமா? பத்துத் தட்டும் அதைக் கழுவ ஆளும் வேண்டியிருக்கும் மேசை உயர்ந்த தரமா? 'வளர்ச்சி', 'முன்னேற்றம்', 'வசதி', 'தேவை' என்ற சொற்களை இன்று விளம்பரக்காரர்கள் ஆண்டு வருகிறார்கள். அவற்றைத் திரும்பப் பெற்று வருவது யார் தொழில் என்பதை இந்த வட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் நாடு அவர் காட்டிய வழியில் செல்லவில்லை. அவர் தலைமையில் அமைந்த காங்கிரசு நிலச்சீர்திருத்தக் குழு 1949இல் அறிக்கை தந்தது. அது சொன்னவற்றில் செய்யப்பட்டவை குறைவு. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களை நாடிற்று. குமரப்பாவுக்கு இயல்பிலேயே கோபம் மிகுதி. இரத்தக் கொதிப்பும் இருந்தது. எளிய வாழ்வு அவரைச் சாதுவாக்கிவிட்டது என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. கடைசிவரை அவர் சண்டைக்காரராகவே இருந்தார். தமக்கென்று எதுவும் தேவைப்படாததால் எவரிடமும் அவர் தணிந்து போக வேண்டியிருக்கவில்லை. அதனை அமைதியின்மை என்பதா, அமைதியின் ஒரு வகை என்பதா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். 1973இல் ஷூமாகர் 'சிறியதே அழகு' என்னும் நூலை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றபோது, அதில் உழைப்பின் பயனைப் பற்றிக் குமரப்பா சொன்னதை மேற்கோளாகக் காட்டினார். தமிழ்நாட்டில் பலர் அந்தப் பெயரை அவ்வழியாகத்தான் மறுபடி கேள்விப்பட்டார்கள்.

இறுதிக் காலத்தில் அவர் தமிழகத்துக்கே திரும்பி வந்தார். மதுரைக்குத் தென்மேற்கே, தே. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். இலண்டனில் படித்துப் பம்பாயில் தொழில் நடத்தியவருக்குக் கரிசல் காட்டோரம் ஓர் அறை போதுமானதாக இருந்தது. கட்டில், புத்தகங்கள், சுவரில் இரண்டு படங்கள். அவரைக் காண வந்த வினோபா பாவேயிடம் அப்படங்களைக் காட்டி அவர் சொன்னதாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. முதற்படத்தில் இருந்தவர் காந்தியடிகள். அவரைத் தம் எசமானர் என்றார். இரண்டாவது, ஒரு சாதாரணக் குடியானவனின் படம். அவரைத் தம் எசமானரின் எசமானர் என்றார்.

1960 சனவரி 30 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் குமரப்பா காலமானார். காந்தியடிகள் மறைந்து அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன.